கவிதை படித்ததும் மனத்தில் எழுவதை எங்கே வைப்பது? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

இந்த ஆண்டு இளங்கலைத் தமிழில் சேர்ந்த இரண்டு பெண்கள் சென்ற வாரம் ஒரே கேள்வியோடு என்னிடம் வந்தார்கள். ஒருத்தி ஒடுகத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வேலூர் வந்து போகிறவள். இன்னொருத்தி விடுதியில் தங்கிப் படிக்கிறவள். நவீன கவிதைத் தொகுப்புகளை இருவரும் முதன்முதலாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். படிக்கிற நேரத்தில் மனத்தில் ஏதோ எழுகிறது, மறுநாள் வகுப்பில் "உனக்கு என்ன தோன்றியது?" என்று ஆசிரியர் கேட்டால் அதில் ஒரு சொல்கூட மிச்சமில்லை. "அக்கா, புத்தகத்திலேயே எழுதி வைக்கலாமா, தனியாக நோட்டு போடலாமா? இல்லை, யாரிடமாவது பேசினாலே போதுமா?" என்றாள் ஒடுகத்தூர்ப் பெண். விடுதிப் பெண்ணுக்கு இன்னொரு யோசனையும் இருந்தது: பிடித்த கவிதைக்குப் பதிலாகத் தானே ஒரு கவிதை எழுதிவிடுவது.

ஐந்து ஆண்டுகளில் இந்த நான்கையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொன்றும் எனக்குக் கொடுத்ததும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டதும் வேறு வேறு. அன்று கல்லூரி வாசலில் நின்றபடி சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

## உரை இல்லாத கவிதை

குறுந்தொகைப் பாட்டு ஒன்றை எடுத்தால் திணை, துறை, கூற்று எல்லாம் கூடவே வருகின்றன. சொல் புரியாவிட்டால் உரை இருக்கிறது. பதவுரை, பொழிப்புரை என்று பள்ளியிலிருந்தே நாம் பழகிய வழி அது. ந. பிச்சமூர்த்தி 1934-இல் 'மணிக்கொடி' இதழில் எழுதத் தொடங்கிய யாப்பில்லாக் கவிதையும், 1959-இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் வளர்த்தெடுத்த கவிதையும் அப்படி ஒரு துணையோடு வருவதில்லை. வெள்ளைத்தாளில் எட்டு வரி இருக்கும். கீழே ஒன்றும் இருக்காது.

கவிக்கோ அப்துல் ரகுமானின் 'பால்வீதி' 1974-இல் வந்தபோது அவர் வாணியம்பாடி இசுலாமியாக் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தார். கனவும் நனவும் கலந்த அந்தப் படிமங்கள் பிடிபடாத ஒரு மாணவர், எழுதியவரிடமே போய்க் கேட்டிருக்க முடியும். நமக்குக் கிடைப்பது அச்சிட்ட பக்கம் மட்டும்தான். அதனால், படித்த கணத்தில் நமக்குள் நடந்தது எதுவோ அங்கிருந்துதான் நாம் தொடங்க வேண்டியிருக்கிறது. அது தொலைந்துபோன இடத்தில் கைடு புத்தகத்தின் வாக்கியங்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. பிறகு அவற்றை எழுப்புவது கடினம்.

## எதை வைத்து நிறுப்பது

முதல் உணர்வு சேதமில்லாமல் வந்து சேர்கிறதா என்பது முதல் அளவுகோல். "புரியவில்லை" என்பதும் ஓர் உணர்வுதான். எந்த வரியில் புரியாமல் போனது என்பதோடு சேர்த்து அது பதிவானால், பின்னால் மிகவும் உதவும். ஆறு மாதமோ இரண்டு ஆண்டோ கழித்துத் தேடினால் கிடைக்குமா என்பது இரண்டாவது. மூன்றாவது, யார் கண்ணில் படும்? இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நான்காவது, பணமும் நேரமும். ஐந்தாவதுதான் எனக்கு மிக முக்கியம்: இந்த வழி என்னைக் கவிதைக்குத் திரும்ப அழைத்துப்போகிறதா, என் சொந்தக் கதைக்குள்ளேயே விட்டுவிடுகிறதா?

இந்த ஐந்தாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வேலூரைப் பற்றி ஒரு பழம்பேச்சு உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். (கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலில் 1981-இல் லிங்கம் மீண்டும் வைக்கப்பட்டுவிட்டதால் கடைசிப் பகுதி இப்போது பொருந்தாது.) இங்கே வளர்ந்த எனக்கு ஆறு என்றால் பாலாறு, பாலாறு என்றால் மணல், மழைக்காலத்தில் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். 2021 கோடையில், கல்லூரியில் சேரக் காத்திருந்த நாட்களில், ஆறு ஒன்று வரும் கவிதையைப் படித்துவிட்டு "வெறுமை, காய்ந்துபோன வாழ்க்கை" என்று நோட்டில் எழுதி வைத்தேன். கவிதையில் வறட்சியைப் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது. அந்த நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தது. பாலத்தருகே நின்று பார்த்த கூட்டத்தில் நானும் இருந்தேன். வீட்டுக்கு வந்து அதே கவிதையை எடுத்தால், முதல் வரியிலிருந்தே அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. மணலைக் கொண்டுபோய்க் கொட்டியவள் நான்.

அந்த மணலைத் தவறு என்று சொல்ல மாட்டேன். என் ஊர் எனக்குக் கொடுத்த வாசிப்பு அது. தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவருக்கு அது வந்திருக்காது. ஆனால் எது கவிதையுடையது, எது என்னுடையது என்று எனக்குப் பிரித்துக் காட்டியது தேதி போட்ட அந்தப் பழைய குறிப்பு. அது இல்லாமல் இருந்திருந்தால், தொடக்கத்திலிருந்தே நான் சரியாகப் படித்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன்.

## ஓரத்தில் பென்சில்

நவீன கவிதைத் தொகுப்பில் வரிகள் குட்டையாக இருக்கும். பக்கத்தில் பாதிக்குமேல் வெள்ளை. பஸ்ஸில் நின்றுகொண்டேகூட ஒரு கோடு போடலாம், ஒரு கேள்விக்குறி வைக்கலாம். முதல் உணர்வைப் பிடிப்பதில் இதற்கு ஈடில்லை. கண் வரியின்மேல் இருக்கும்போதே கை எழுதிவிடுகிறது. பையைத் திறந்து நோட்டைத் தேடும் அரை நிமிடத்தில் நழுவிப்போவது இதில் நழுவுவதில்லை. குறிப்பு வரிக்குப் பக்கத்திலேயே இருப்பதால் எந்தச் சொல் நம்மைத் தொட்டது என்பதும் மறக்காது.

செலவு ஒரு பென்சில்தான் என்று தோன்றும். ஆனால் புத்தகம் உங்களுடையதாக இருக்க வேண்டும். மாவட்ட மைய நூலகத்திலிருந்தோ கல்லூரி நூலகத்திலிருந்தோ எடுத்த பிரதியில் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். கவிதைத் தொகுப்புகள் குறைந்த பிரதிகளே அச்சாகின்றன, பலவற்றுக்கு மறுபதிப்பே வருவதில்லை; அடுத்து வருபவருக்கு இந்த ஊரில் அந்த ஒரு பிரதிதான் இருக்கலாம். நூலகப் புத்தகம் என்றால், மனத்தில் நின்ற மூன்று நான்கு பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்து அதில் எழுதுங்கள்.

இன்னொரு செலவு பிறகுதான் தெரியும். அடிக்கோடிட்ட வரிக்கே மறுமுறையும் கண் போகிறது. கோடில்லாத வரிகள் இரண்டாம் வாசிப்பிலும் படிக்கப்படாமல் போகின்றன. ஒரு தொகுப்பை நான் மூன்று முறை படித்திருந்தேன். தோழியின் பிரதியில், கோடுகள் இல்லாமல், நான்காம் முறை படித்தபோது ஒரு கவிதையின் கடைசி வரியை அன்றுதான் முதலில் பார்ப்பதுபோல் இருந்தது. என் பிரதியில் அந்தக் கவிதையின் நடுவில் தடித்த கோடு ஒன்று இருந்தது. எப்போதும் அங்கேயே நின்றுவிட்டிருக்கிறேன்.

புத்தகத்தை இரவல் கொடுக்கும்போது மனத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

## தனி நோட்டு

இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். வலப்பக்கத்தில் கவிதையைக் கையால் எழுதுங்கள், வரிகளை எழுதியவர் முறித்த இடத்திலேயே முறித்து. அதன்கீழ் அன்றைய குறிப்பும் தேதியும். இடப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். ஒரு வருடம் கழித்து வரப்போகும் நீங்கள் எழுத வேண்டிய இடம் அது.

கையால் எழுதுவது வீண்வேலை என்று நினைத்திருந்தேன். என் எண்ணத்தை மாற்றியது பிரமிளின் 'காவியம்'. பலருக்கும் மனப்பாடமான குட்டிக் கவிதை; சிறகைவிட்டுப் பிரிந்த இறகொன்று காற்றில் எழுதிக்கொண்டு போவதைச் சொல்லும் ஒரே வாக்கியம். கண்ணால் படித்த நாட்களில் எனக்கு அது ஓர் அழகிய காட்சி, அவ்வளவுதான். நோட்டில் எழுதிய இரவில்தான் பறவை அங்கே இல்லை என்று உறைத்தது. இறகு இருக்கிறது, காற்று இருக்கிறது. வாழ்ந்த பறவை எங்கே போனது என்று கவிதை சொல்லவில்லை. வாக்கியத்தின் வினையும் கடைசியில்தான் வருகிறது. அதுவரை இறகு என்ன செய்கிறது என்று தெரியாமல் நாமும் அதனுடன் மிதக்கிறோம். ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி எழுதிய கைக்குத்தான் அந்தத் தாமதம் பிடிபட்டது.

அந்தக் கவிதைக்கு எதிரே இருந்த இடப்பக்கம் ஒரு வருடத்துக்குமேல் காலியாக இருந்தது. திருகோணமலையில் பிறந்த பிரமிள் 1997 ஜனவரியில் மறைந்தது நம் வேலூரை அடுத்த கரடிக்குடியில் என்று அறிந்த நாளில் அங்கே எழுதினேன்: "பிறந்த கரையிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, இங்கே." அதுதான் கவிதையின் பொருள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன், கவிதை அதற்கெல்லாம் முன்பே எழுதப்பட்டது. ஆனாலும் இன்று நோட்டைத் திறந்தால் இரண்டு குறிப்புகளும் எதிரெதிரே இருக்கின்றன, எது எந்த நாளில் வந்தது என்ற கணக்கோடு. பென்சில் குறிப்பால் இதைத் தர முடிந்ததில்லை.

நோட்டின் ஆபத்து, அது தேர்வுத்தாளாக மாறிவிடுவது. நோட்டைத் திறந்ததும் நம் கை "இக்கவிதையில் கவிஞர்" என்று தொடங்குகிறது. அடுத்த வரியில் படிமம் வருகிறது, அதற்கடுத்து குறியீடு, சமூக அவலம். எழுதியவள் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. என் முதல் நோட்டின் பாதி இப்படித்தான் போனது. இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: இந்தக் குறிப்பை வெட்டி வேறொரு கவிதையின்கீழ் ஒட்டினால் பொருந்துமா? பொருந்தினால் அது இந்தக் கவிதைக்கான உணர்வு இல்லை.

இதற்கு மருந்து நம் பக்கத்துக்காரர் ஒருவரிடம் இருக்கிறது. வேலத்தைச் சொந்த ஊராகக் கொண்ட மு. வரதராசன் தம் கருத்துகளைக் கடிதங்களாக எழுதினார். 'தம்பிக்கு', 'தங்கைக்கு' என்று நூலின் பெயரிலேயே எதிரில் ஓர் ஆள் இருக்கிறார். குறிப்பைக் கடிதமாக எழுதிப் பாருங்கள். ஊரில் இருக்கும் தங்கைக்கு எழுதும்போது "இக்கவிதையில் கவிஞர்" என்று கை போகாது. "இன்று ஒன்று படித்தேன், இரண்டாவது வரியில் நின்றுவிட்டேன்" என்றுதான் வரும். எனக்கு நோட்டு மறுபடி உயிர்பெற்றது அப்படித்தான்.

நேரமும் ஒரு செலவு. எழுதி, யோசித்து, குறிப்பு வைக்க ஒரு கவிதைக்கு அரைமணி நேரமாவது ஆகும். செமஸ்டர் தேர்வு நெருங்கினால் முதலில் நின்றுபோவது இதுதான். வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் தாங்கும். தினமும் ஒன்று என்று தொடங்கியவர்கள் மாதக் கடைசி வரை வந்து நான் பார்த்ததில்லை.

அந்தரங்கத்தைப் பொறுத்தவரை நோட்டுதான் பாதுகாப்பு, பூட்டி வைக்க இடம் இருந்தால். இராணிப்பேட்டைப் பக்கம் லாலாப்பேட்டையைச் சேர்ந்த சுகிர்தராணியின் 'கைப்பற்றி என் கனவு கேள்' 2002-இல் வந்தது. பெண்ணுடலையும் சாதியையும் நேருக்கு நேர் பேசும் அவருடைய கவிதைகளைப் பதினெட்டு வயதில் படிக்கும் பெண்ணுக்கு வரும் உணர்வைப் புத்தக ஓரத்தில் எழுதி நடுக்கூடத்து அலமாரியில் வைக்க முடியாது. வகுப்பில் எழுந்து சொல்லவும் எல்லோராலும் முடியாது. சொல்ல முடியாதபோது உணர்வையே சுருக்கிக்கொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது, அதுதான் எனக்கு வருத்தம். இப்படிப்பட்ட கவிதைகளுக்கு நோட்டைத் தவிர வேறெதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## சேர்ந்து வாசித்துப் பேசுவது

கோட்டை அகழிக்கு எதிரே உள்ள புல்வெளியில் மாலை ஐந்து மணிக்கு நான்கு பேர் உட்கார்ந்தால் போதும். ஒருவர் வாசிக்க வேண்டும். பிறகு மற்றொருவர் அதையே மறுபடி வாசிக்க வேண்டும். இந்த இரண்டாவது குரல் முக்கியம். அவர் நிறுத்தும் இடம் வேறாக இருக்கும், அங்கிருந்துதான் பேச்சு தொடங்கும்.

நகுலனின் ஒரு கவிதையில் ஒருவர் பெயர் ராமச்சந்திரனா என்று கேட்கப்படுகிறது, ஆம் என்கிறார். எந்த ராமச்சந்திரன் என்று இவர் கேட்பதுமில்லை, அவர் சொல்வதுமில்லை. அத்துடன் முடிந்தது. தனியாகப் படித்தபோது "இதில் என்ன இருக்கிறது?" என்று ஓரத்தில் எழுதிப் புரட்டிவிட்டேன். புல்வெளியில் வாசித்தபோது முதலில் எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு ஆற்காட்டிலிருந்து வரும் தோழி சொன்னாள்: "என் பஸ்ஸில் மூன்று வருடமாகப் பக்கத்தில் உட்காரும் அக்காவின் பெயர் எனக்குத் தெரியும். அதற்குமேல் எதுவும் தெரியாது." கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தனியாக இருந்திருந்தால் அந்தக் கவிதைக்குள் நான் போயிருக்கவே மாட்டேன்.

ஆனால் இதே புல்வெளியில் என் உணர்வை நான் பறிகொடுத்ததும் உண்டு. முதலில் பேசுகிறவர் திறமையாகப் பேசினால் மற்றவர்கள் மனத்தில் இருந்தது அப்படியே அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. நமக்கும் அதுதான் தோன்றியது என்று நாமே நம்பிவிடுகிறோம். எங்கள் குழுவில் பிறகு ஒரு விதி வைத்தோம். வாசித்து முடித்ததும் ஐந்து நிமிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது. ஒவ்வொருவரும் துண்டுத்தாளில் இரண்டு வரி எழுத வேண்டும், அதை வாசித்த பிறகே பேச்சு. கூச்சம் உள்ளவர்களின் தாள்களில்தான் பல நாள் நல்ல வரிகள் இருந்தன.

வெளியில் தெரியாத இன்னொரு செலவு பஸ். குடியாத்தம், அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் போகிறவர்கள் இருட்டுவதற்குள் ஏற வேண்டும். பேச்சு சூடுபிடிக்கும் நேரத்தில் எழுந்து ஓடுகிறார்கள். கடைசிவரை இருப்பவர்கள் எப்போதும் விடுதிக்காரர்களாகவே ஆகிவிடும் குழு, நாளடைவில் ஒரே குரலில் பேசத் தொடங்குகிறது. பேசியது எதுவும் மிஞ்சாது என்பதும் உண்மை. போனில் ஒலிப்பதிவு செய்து பார்த்தோம். பதிவாகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் மேடைப்பேச்சு பேசினார்கள், விட்டுவிட்டோம்.

## பதில் கவிதை

ஒரு கவிதை கோபத்தைக் கிளப்பினால், அல்லது "இதை நான் வேறுவிதமாகப் பார்த்திருக்கிறேன்" என்று உள்ளே ஏதாவது முட்டினால், பதில் எழுதுங்கள். எழுதியவர் ஒரு சொல்லை ஏன் அங்கே வைத்தார் என்பது நாம் ஒன்றை வைத்துத் தோற்ற பிறகு நன்றாகத் தெரியும்.

தொடக்கத்தில் இதை முதன்மை வழியாக வைத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. பத்து நாளில் மூலக்கவிதை மறந்துபோகிறது, நம்முடையது மட்டும் நினைவில் நிற்கிறது. நான்கு பேர் பாராட்டிவிட்டால் வாசிப்பே எழுதுவதற்கான மூலப்பொருள் ஆகிவிடுகிறது. பிடித்த கவிஞரின் குரல் நம் குரலாகக் கேட்கத் தொடங்கும் ஆபத்து வேறு. விடுதிப் பெண் வருத்தப்படக் கூடாது. முதலில் ஒரு வருடம் படிக்கட்டும்.

## பக்கம் பக்கமாக வைத்தால்

| | ஓரத்தில் பென்சில் | நோட்டு | சேர்ந்து பேசுவது | பதில் கவிதை |
|---|---|---|---|---|
| முதல் உணர்வு | அப்படியே பதிவாகும் | கொஞ்சம் ஆறிப்போய் வரும் | பிறர் குரலில் கரையலாம் | உருமாறிவிடும் |
| பின்னால் தேடினால் | புத்தகம் கையில் இருந்தால் | எளிது | கிடைக்காது | மூலம் மறந்துபோகும் |
| அந்தரங்கம் | இரவலோடு போய்விடும் | நல்ல பாதுகாப்பு | இல்லை | மறைத்துச் சொல்லலாம் |
| பணம் | சொந்தப் பிரதி அல்லது ஜெராக்ஸ் | ஒரு நோட்டு | பஸ் கட்டணம் | ஒன்றுமில்லை |
| நேரம் | நொடிகள் | அரைமணி நேரம் | ஒரு மாலை | சொல்ல முடியாது |
| கவிதைக்குத் திரும்புவது | கோடு போட்ட வரிக்கு மட்டும் | முழுக் கவிதைக்கும் | நாம் விட்ட இடத்துக்கு | அரிது |

## யாருக்கு எது

ஒடுகத்தூர்ப் பெண்ணுக்குப் பென்சில். தினமும் பஸ்ஸில் கிடைக்கும் நேரம் வேறு யாருக்கும் கிடைக்காத வாசிப்பு நேரம். அதில் நோட்டை விரிக்க முடியாது. குறுகிய ஒரு தொகுப்பைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளட்டும், கோடு போடாமல் ஒரு சொல்லாவது எழுதட்டும், பக்கத்தின் கீழே தேதி போடட்டும். ஞாயிற்றுக்கிழமை, அந்த வாரக் குறிப்புகளில் தன்னை விடாத ஒன்றை மட்டும் நோட்டுக்கு மாற்றலாம்.

விடுதிப் பெண்ணுக்கு நோட்டு, மாதம் இருமுறை குழு. அவளைச் சுற்றி எப்போதும் ஆட்கள் இருக்கிறார்கள். அவளுக்குக் குறைவது தனிமை. முதலில் நோட்டில் எழுதிய பிறகே குழுவுக்குப் போக வேண்டும், அந்த வரிசை மாறக் கூடாது.

உள்மதிப்பீட்டுக்கான ஒப்படைப்பு மட்டுமே நோக்கம் என்றால் நோட்டு ஒன்றே போதும், பதினைந்து கவிதைகள் சேர்ந்துவிட்டால் கட்டுரை தானாக அமையும். வீட்டில் எழுதி வைக்க இடமே இல்லாதவர்கள், நம்பிக்கையான ஒரே ஒரு தோழியிடம் வாசித்துச் சொல்லலாம், நால்வர் தேவையில்லை.

விடுதிப் பெண் கிளம்பும்போது இன்னொன்றும் கேட்டாள். ஏற்கெனவே ஒரு நோட்டில் கொஞ்சம் எழுதியிருக்கிறாளாம். இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது, அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாமா என்றாள். கிழிக்காதே என்றேன். வரும் ஞாயிறு என் நோட்டை எடுத்து வருகிறேன்; 2021 கோடையில் ஓடுகிற ஆற்றுக்குள் நான் மணலைக் கொட்டிய பக்கத்தை அவளுக்குக் காட்ட வேண்டும்.